சுவர் உரிந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடித்த வீட்டில், அடுத்த தீபாவளிக்குள் ஏதாவது ஒரு சுவர் உரியத் தொடங்கிவிடுகிறது. உடனே எல்லாரும் சொல்வது இரண்டே காரணம்தான். ஒன்று பெயிண்ட் சரியில்லை, இல்லையென்றால் பெயிண்டர் சரியில்லை. கும்பகோணத்தில் என் பெற்றோர் இருக்கும் வீட்டைச் சில ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். உள்சுவரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயிண்ட் காரணமே இல்லை என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியும். சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, அல்லது பெயிண்டுக்கு அடியில் இருக்கும் அடுக்குக்குப் பிடிப்பு இல்லை. இரண்டில் எது என்று பார்க்காமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கி அடித்தாலும் அது நிற்காது.

எங்கள் வீட்டின் முன்கட்டு செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கட்டடம். மேலே மரச் சட்டங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். பின்கட்டு தொண்ணூறுகளில் எடுத்தது, சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம். தஞ்சை, குடந்தைப் பக்கம் இப்படி இரண்டு காலத்துக் கட்டடமும் ஒட்டி நிற்கும் வீடுகள் ஏராளம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது.

பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் கையில் ஒரு பென்சிலோடு ஒவ்வொரு அறையாகச் சுற்றிவாருங்கள். ஈரம் தெரியும் இடத்தின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மாதத்தை எழுதிவையுங்கள். ஐப்பசியில் போட்ட கோட்டைப் பங்குனியில் போய்ப் பார்த்தால் ஈரம் இறங்கியிருக்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா, ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கெட்டுப்போன இடத்தின் உயரமும் நிறையச் சொல்லும். தரையிலிருந்து தொடங்கி முழங்கால், இடுப்பு வரைக்கும் ஏறத்தாழ ஒரே மட்டமாக நின்றால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். சுவரின் நடுவில் தனித் திட்டாக இருந்தால் உள்ளே போகும் குழாயையோ மறுபக்கத்துக் குளியலறையையோ சந்தேகப்பட வேண்டும். மேலே, தளத்தை ஒட்டி, வட்டம் வட்டமாகப் பழுப்புக் கறை என்றால் மொட்டை மாடி. பீரோவுக்குப் பின்னாலும் மூலைகளிலும் கறுப்புப் புள்ளிகள் என்றால் காற்றோட்டம் இல்லை.

அப்புறம் காலம். மழை பெய்த மறுநாள் கூடி, வெயில் வந்ததும் குறைந்தால் வெளியிலிருந்து வரும் தண்ணீர். ஒரு சொட்டு மழை இல்லாத மாசியிலும் அப்படியே நசநசவென்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஏதோ கசிகிறது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழியும் நாளில் மட்டும் தெரிந்தால் அதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகம் வந்தால், ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கத்தில், முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். கருவி எதுவும் வேண்டாம்.

எங்களுக்கு அதிகம் தொல்லை கொடுத்தது முன்கட்டுக் கூடம். தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டு, என் சின்ன வயதில் படியேறிப் போன திண்ணை இப்போது ஏறத்தாழ ரோட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, பக்கவாட்டுச் சந்தில் சேறாகிறது என்று சுவரோடு ஒட்டி சிமெண்ட் தளமும் போட்டிருந்தார்கள். முன்பு மண் வழியாக ஆவியாகிப் போன ஈரத்துக்கு அந்த வழி அடைபட்டது. அது சுவர் வழியாக ஏறியது.

தண்ணீர் ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டுதான் ஏறும். சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். இதைத்தான் உப்பு பூத்தல் என்கிறோம். உப்பு படிகமாகும்போது பெயிண்டுக்குப் பின்னால் இடம் பிடித்து அதைத் தள்ளும். அதனால்தான் முதலில் பெயிண்ட் உப்பி, பிறகு உதிர்ந்து, உள்ளே பஞ்சு போல வெள்ளையாகத் தெரிகிறது. இந்த உப்பில் சில வகை காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். கசிவை நிறுத்திய பிறகும் அடைமழைக் காலத்தில் சுவர் வியர்ப்பதற்கு அதுதான் காரணம். அந்த வெள்ளை பூஞ்சையா உப்பா என்று குழப்பம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு கரையும், பூஞ்சை கரையாது.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய் அடுத்த வெயிலில் வெளியே வரும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கீழே பழைய செய்தித்தாள் விரித்துச் சேர்த்து வெளியே கொட்ட வேண்டும். சுவரடியிலேயே கொட்டினால் மழையில் கரைந்து திரும்பிவிடும்.

நான் இந்த வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர் அந்தக் கூடத்தில் நான்கு அடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத கலவை சேர்த்த சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து (சுவரை வழவழப்பாக்கும் மாவு பூசி), பளபளப்பான எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட், அடித்துக் கொடுத்துப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஈரம் அந்த நான்கு அடிக்கு மேலே வந்து நின்றது. பிறகு நாங்கள் தேடிப் பிடித்த வயதான கொத்தனார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட்டப் பூசிட்டா ஈரம் எங்க போவும்? மேலதான் ஏறும்."

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய. ஈரம் வந்தாலும் அது வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சும் அக்ரிலிக் பட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் அடைப்பு முடியும் இடம் வரை ஏறி அங்கே வெளியே வரும். இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்த வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. டைல்ஸுக்கு மேலே ஓரடி அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அதனால் வேலையை வெளியிலிருந்து தொடங்கினோம். சந்தில் சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, மண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி, ஜல்லி நிரப்பி, மழைத் தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். மாடியிலிருந்து வரும் குழாய் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நீட்டி வாய்க்காலில் சேர்த்தோம். உள்ளே சிமெண்ட் பூச்சை ஈரக் கோட்டுக்கு மேலே ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரைப் பூச்சில்லாமல் விட்டுவிட்டோம்.

இந்த விட்டுவைக்கும் காலம்தான் எல்லாருக்கும் பொறுக்காது. நனைந்த சுவர் உலர்வதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். பழைய வீட்டின் பதின்மூன்றரை அங்குலச் சுவருக்கு அது ஒரு வருடத்தைத் தாண்டும். நம் ஊர் வெயிலும் இரண்டு பக்கக் காற்றும் இருந்தால் கொஞ்சம் முன்னால் உலரும், அவ்வளவுதான். பங்குனியில் கொத்தி, கத்திரி வெயில் முழுக்கக் காயவிட்டோம். வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் "என்ன இப்படிச் செங்கல் தெரிய விட்டிருக்கீங்க" என்று கேட்டதில் அம்மாவுக்குத்தான் மிகவும் சங்கடம். நடுவில் இரண்டு முறை உப்பு பூத்தது, தேய்த்து எடுத்தோம். பிறகுதான் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்த சுண்ணாம்புக் காரை பூசி, கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி வெள்ளையடித்தோம். சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, பால் பதத்தில் மெல்லிசாக, ஒவ்வொரு கோட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை அடிப்பதற்கும், நடுவில் ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக ஒரே கோட்டில் அடித்தால் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெள்ளையடித்த சுவர் வழவழப்பாக இருக்காது, சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஆனால் அந்தச் சுவருக்கு அதுதான் பொருத்தம். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

பின்கட்டு போல சிமெண்ட் கட்டடத்தில் தரை ஓதம் ஏறினால் வேறு வழி இருக்கிறது. அடித்தளத்துக்குச் சற்று மேலே, ஒரே வரிசையில் நான்கைந்து அங்குல இடைவெளியில் துளையிட்டு, சிலேன் சிலாக்சேன் கலந்த குழம்பைச் செலுத்துவார்கள். அது செங்கல்லுக்குள் பரவித் தண்ணீர் ஏறாமல் தடுக்கும். ஆனால் வெளி மண் அந்தத் துளை வரிசைக்கு மேலே நின்றால் எந்தப் பயனும் இல்லை. மண்ணைத் தாழ்த்துவது முதலில், மருந்து அப்புறம்.

இனி குளியலறைச் சுவர். பின்கட்டில் அப்பா அம்மாவின் படுக்கையறைக்கு அந்தப் பக்கம் குளியலறை. கட்டில் தலைமாட்டுக்கு மேலே பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கொப்பளத்தை அப்படியே சுரண்டித் தள்ளாமல் பிளேடால் கீறித் திறந்து பாருங்கள். நாங்கள் திறந்தபோது தோலோடு பட்டியும் சேர்ந்து வந்தது, பின்னால் பூச்சு கருத்து, தொட்டால் குளிர்ந்து, மணல் விரலில் ஒட்டியது. பூச்சு வரைக்கும் பெயர்ந்து வந்தால் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று பொருள். கொப்பளத்துக்குப் பின்னால் பழைய பெயிண்ட் அப்படியே நன்றாக இருந்து, மேல் கோட்டு மட்டும் எழும்பியிருந்தால் அது தண்ணீர்ப் பிரச்சினை அல்ல. சூடான சுவரில் அடித்தது, அடிக்கோட்டு காய்வதற்குள் மேல்கோட்டு போட்டது, தூசியோடு அடித்தது ஆகியவற்றில் ஒன்று.

குளியலறைக் கசிவில் குழாயா, டைல்ஸ் இடுக்கா என்று பிரிப்பது முக்கியம். செலவு அவ்வளவு வேறுபடும். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் குழாயில் எங்கோ கசிவு. குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் மூடி மறுநாளும் பார்த்தால் எந்தக் கிளை என்று தெரியும். மட்டம் குறையவில்லை, ஆனால் ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருந்தால் சுவர் காய்கிறது என்றால், குளிக்கும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாகப் போகிறது. வடிகால் வாயைத் துணியால் அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தரையா சுவரா என்பதும் பிரிந்துவிடும். எங்களுக்கு டைல்ஸ் இடுக்குதான். பழைய வெள்ளை சிமெண்டைச் சுரண்டி எடுத்து எபாக்சி நிரப்பியதோடு முடிந்தது. பிளம்பர் சுவரை உடைக்கத் தயாராக வந்திருந்தார். இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்திருந்தால் உடைத்திருப்பார்.

தண்ணீரே இல்லாமல் உரியும் சுவர்களும் உண்டு. முன்கட்டு மாடிப்படி அறையில் பெயிண்ட் அப்பளம் மாதிரி பெரிய பெரிய துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். வெளியே இளமஞ்சள் எமல்ஷன், அதற்குப் பின்னால் டிஸ்டெம்பர் பச்சை, அதற்குப் பின்னால் நீலம் கலந்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக. பல பொங்கலுக்கு அடித்த வெள்ளை அது. எமல்ஷன் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. சுண்ணாம்புதான் சுவரைப் பிடிக்கவில்லை. எமல்ஷன் காயும்போது படலம் இறுகி இழுக்கும். அடியில் இருக்கும் மாவு அடுக்கு அந்த இழுப்பைத் தாங்காது.

இதற்கு முன்கூட்டியே ஒரு சோதனை இருக்கிறது. பிளேடால் சுவரில் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் மேலே எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்து வரும். கறுப்புத் துணியால் சுவரைத் துடைத்துப் பார்ப்பதும் நல்லது. வெள்ளையாக மாவு ஒட்டினால் பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் பிடிப்புக்காக அடிக்கும் கோட்டு) நேரடியாகப் பிடிக்காது. பழைய சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பூச்சு தெரியும் வரை சுரண்டப்பட வேண்டும். தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டினால் தூசி பறக்காது, வேலையும் சீக்கிரம் ஆகும். ஒப்பந்தத்தில் பெயிண்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இதுதான், ஏனென்றால் சதுர அடிக் கணக்கில் அதற்குத் தனிக் கூலி யாரும் தருவதில்லை. தர வேண்டும்.

பட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். வெள்ளை சிமெண்ட் பட்டி சிமெண்டைப் போலத்தான், தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். காய்ந்த சுவரில் இழுத்தால் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பட்டி மாவாகவே நின்றுவிடும். அடிப்பதற்கு முன்னால் சுவரை நனைக்க வேண்டும், தண்ணீர் வடியாத அளவுக்கு. மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். ஆழமாகக் கோடு விழுந்து பவுடர் கொட்டினால் அதன் மேல் பிரைமர் அடிக்கவே விடாதீர்கள். மேடு பள்ளத்தைச் சமப்படுத்துகிறேன் என்று பட்டியைக் கனமாக ஏற்றுவதும் தவறு. மெல்லிய இரண்டு கோட்டுக்கு மேல் தேவைப்படும் பள்ளம் கொத்தனார் வேலை.

புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட். பச்சைப் பூச்சில் காரத்தன்மை அதிகம், நிறத்தை அரித்துவிடும். புது வீட்டில் சில இடம் மட்டும் வெளிறித் திட்டுத் திட்டாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய் பெயிண்டாக இருந்தால் இன்னும் மோசம், காரம் பட்டுப் படலமே பிசுபிசுத்துப் போகும்.

பழைய சமையலறைகளில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை எண்ணெய் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மேலே இருப்பது எண்ணெய் வகையா, எமல்ஷனா என்று தெரியாவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஓரிடத்தில் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் எமல்ஷன், வராவிட்டால் எண்ணெய் பெயிண்ட். எண்ணெய் பெயிண்டின் பளபளப்பைத் தேய்த்து மங்கவைக்காமல் மேலே எமல்ஷன் அடித்தால் ரப்பர் உறை போல உரிந்துவரும். அதுவும் சமையலறையில் தாளிப்பு எண்ணெய் படிந்திருக்கும். சலவைச் சோடாவும் வெந்நீரும் விட்டுக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கைப் பரப்புகிறோம், புது பெயிண்ட் அங்கங்கே ஒதுங்கிக் குழி குழியாக நிற்கும்.

பழைய எனாமலை, அதாவது எண்ணெய் பெயிண்டை, தேய்க்கும்போது ஒரு விஷயத்தை எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016ல், அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல், சுவர் எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, குழம்பைத் துணியால் துடைத்து எடுக்கலாம். சூடு காட்டி உரிப்பது வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கக் கூடாது. பெயின்டருக்கு முகக்கவசம் வாங்கிக்கொடுப்பது நம் பொறுப்பு. வருஷம் முழுக்க அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் அவர்தான்.

பூஞ்சைக்கு வருவோம். கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சையா என்று தெரிய பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு போதும். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு. பூஞ்சை மேலேயே பெயிண்ட் அடித்தால் சில மாதத்தில் அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு பங்கு பிளீச் கரைசலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுத் தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஆனால் கழுவுவது பாதி வேலைதான். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டு ஜன்னலைச் சாத்திவைத்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் சுவருக்குத்தான் போகிறது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவையுங்கள். ஏசி அறையை ஒட்டிய அடுத்த அறைச் சுவரில் பூஞ்சை வந்தால் கசிவைத் தேடி அலைய வேண்டாம். ஏசியால் சில்லிட்ட சுவரில் இந்தப் பக்கத்து ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகிறது. ஏசியை 24, 25ல் வைத்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

பூஜை அறையில் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படிந்த சுவரில் தண்ணீர் கலந்த பிரைமர் அடித்தால் கரி அதில் ஊறிப் பழுப்பாக மேலே வரும். எத்தனை கோட்டு அடித்தாலும் வரும். கழுவிக் காயவைத்து, எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு கோட்டு போட்டு மூடிவிட்டு அதன் மேல் எமல்ஷன் அடித்தால் நிற்கும். மழைக்காலத்தில் புதிதாக அடித்த சுவரில் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒழுகல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெயிண்டில் இருக்கும் சோப்பு மாதிரியான பொருள் காயும் முன் ஈரத்தில் வெளியே வருவது அது. ஈரத் துணியால் துடைத்தால் போகும். வெள்ளை எனாமல் அடித்த கதவின் உள்பக்கம் மஞ்சளாவதும் வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய் பெயிண்டின் இயல்பு. அதற்குத் தண்ணீர் கலந்த எனாமலுக்கு மாறுவதுதான் வழி.

சுவரில் ஒரு சிறு இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டது போலத் தொட்டுத் தொட்டு அடித்தால் வெயில் சாய்வாகப் படும் நேரத்தில் அது தனியாகத் தெரியும். அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும் தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடியுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டப்பா வாங்கினால் பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் பரப்பு கூடும், மூடும் திறனும் கழுவினால் தாங்கும் திறனும் போய்விடும். அளந்து ஊற்றச் சொல்லிப் பக்கத்தில் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விரிசலில், வலைபோலத் தெரியும் மயிரிழை விரிசல் பூச்சு காய்ந்ததால் வருவது. பட்டியும் பெயிண்டும் போதும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவது வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால். அதைப் பட்டியால் அடைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கி, நெகிழும் தன்மையுள்ள நிரப்பியை வைத்து, மேலே ஃபைபர் வலை ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசலின் நுனியில் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதுங்கள். குறியைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ பெயின்டரை விட்டுவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கான்கிரீட் தளத்தில் கம்பி போகும் வழியாகவே துருக்கறையும் வீக்கமும் தெரிந்தாலும் அப்படித்தான். துருப்பிடித்த கம்பி பெருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது, தலையில் விழும். அங்கே பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மறைப்பதாகும்.

இப்போதெல்லாம் பெயின்டரிடம் கூலி பேசும்போது சுரண்டுவது, கழுவுவது, உப்புத்தாள், பிரைமர், பட்டி, பெயிண்ட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதி, ஒவ்வொன்று முடிந்ததும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று சொல்லிவிடுகிறோம். முதலில் முகம் சுளித்தவர்கள்கூட சுரண்டலுக்குத் தனிக் கூலி என்றதும் சரி என்றார்கள். வேலையை மாசிக்கும் ஆனிக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறோம், பொங்கலுக்கு முன்னால் இல்லை. மார்கழிச் சுவரில் மழையின் ஈரம் இன்னும் இருக்கும்.

கூடத்தின் தென்மேற்கு மூலையில் இன்னும் கொஞ்சம் உப்பு பூக்கிறது. தெரு மட்டம் உயர்ந்த பக்கம் அது, அந்தப் பக்கம் மண்ணைத் தாழ்த்த இடமில்லை. தை பிறந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு அந்த மூலைக்கு மட்டும் ஒரு கோட்டு வெள்ளையடிக்கிறோம். சுண்ணாம்பு என்பதால் பழையதும் புதியதும் ஒன்றாகவே சேர்ந்துவிடுகிறது. அரை நாள் வேலை, செலவு சில நூறு ரூபாய்தான்.